மடி ஒன்று, பிள்ளை இரண்டு: நடக்கும் குழந்தையும் கைக்குழந்தையும் உள்ள வீட்டை நடத்தும் முறை

இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டில் எல்லோருடைய கவனமும் கைக்குழந்தையின் மீதே குவிகிறது. பார்க்க வருகிறவர்கள் நேராகத் தொட்டிலை எட்டிப் பார்க்கிறார்கள், யார் சாயல் என்று பேசிக்கொள்கிறார்கள், குழந்தையின் கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்த வீட்டின் அன்றாட ஒழுங்கு குலைவதும் நிலைப்பதும், ஒன்றரை வயதிலோ இரண்டரை வயதிலோ வீடு முழுவதும் நடந்து திரியும் மூத்த குழந்தையைப் பொறுத்தே இருக்கிறது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குத் தேவைப்படுபவை தாய்ப்பால், உறக்கம், கதகதப்பு, சுத்தம் ஆகிய நான்குதான். அவற்றை அறிந்த ஒருவராவது எந்த வீட்டிலும் இருப்பார். மூத்த குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் யோசிக்கப்படாமல் போகிறது. ஆகவே, சேலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சேர்வராயன் மலைமீதும் வாழும் குடும்பங்களை மனத்தில் கொண்டு எழுதப்படும் இவ்வழிகாட்டி, மூத்த குழந்தையை நடுவில் வைத்து நாளைத் திட்டமிடச் சொல்கிறது.

பிரசவத்திற்கு முன்பே முடிக்க வேண்டியவை

தாயின் பக்கத்திலிருந்து படுக்கையை மாற்றுவது, பால்குடியை நிறுத்துவது, அங்கன்வாடிக்கு அனுப்பத் தொடங்குவது, கழிப்பறைப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது என மூத்த குழந்தையின் வாழ்க்கையில் நீங்கள் செய்ய எண்ணியிருக்கும் மாற்றங்களை, பிரசவத் தேதிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால், குழந்தை பிறந்து மூன்று மாதங்கள் ஆகும்வரை தள்ளிப்போடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு வயது நிறைந்த குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்கலாம் என்பதால், பாப்பா வீட்டுக்கு வந்த அதே வாரத்தில் பெரியவனைக் கொண்டுபோய் விடுகிற வீடுகள் உண்டு. பெரியவர்களுக்கு அது வசதியான ஏற்பாடு. அந்தக் குழந்தையோ, புதிதாக ஒருவர் வந்ததும் தன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றே கணக்குப் போடும்.

பால்குடியை மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவது பழைய வழி. எட்டாம் மாதத்தில் அவசர அவசரமாக அதைச் செய்வதால், குழந்தை பாலை மட்டுமின்றித் தாயின் மடியையும் ஒரே நாளில் இழந்ததுபோல் ஆகிவிடுகிறது. மருத்துவர் தடை சொல்லாத வரையில் கர்ப்ப காலத்தில் மூத்த குழந்தைக்குப் பால் கொடுப்பதில் தவறில்லை. பிரசவத்திற்குப் பிறகும் இருவருக்கும் கொடுக்கலாம்; முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் மட்டும் புதிய குழந்தைக்கே முதலில் சேர வேண்டும்.

எங்கே பிரசவம் என்பதையும் மூத்த குழந்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இரண்டாவதற்கும் பல குடும்பங்களில் தொடர்கிறது. அப்படிச் செல்வதானால் மூத்த குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அது வழக்கமாகப் போர்த்திக்கொள்ளும் பழைய புடவைத் துண்டையும் சாப்பிடும் தட்டையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அம்மாயியோ அத்தையோ யாராக இருந்தாலும், அதற்கு முன்பே சில இரவுகள் அவர் பக்கத்தில் அந்தக் குழந்தை உறங்கிப் பழகியிருக்க வேண்டும். வலி வந்த இரவில் முதன்முறையாக அவரிடம் ஒப்படைப்பது இருவருக்கும் கொடுமை.

உறவினர்களிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றுண்டு. “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்”, “இனிமே உங்கம்மா பாப்பாவுக்குத்தான்” என்ற கேலிகளை நம்மூரில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை அதைக் கேலி என்று ஓரளவு புரிந்துகொள்ளும். இரண்டு வயதுக் குழந்தை அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறது.

அலுவல் வேலைகள் சில. ஒவ்வொரு கர்ப்பத்தையும் கிராம அல்லது நகர்ப்புற சுகாதாரச் செவிலியரிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில், முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பெயர் முடிவாகாவிட்டால் பதறத் தேவையில்லை; 12 மாதங்கள்வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

வீட்டுக்கு வரும் நாள்

ஆரத்தி எடுத்து உள்ளே வரும்போது தாயின் கைகள் காலியாக இருக்கட்டும். கைக்குழந்தையைப் பாட்டியோ அப்பாவோ தூக்கி வரட்டும். தாய் முதலில் மூத்த குழந்தையை அணைத்துக்கொள்ளட்டும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பச்சை உடம்புக்காரி முதல் ஆறு வாரங்களுக்குக் கைக்குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தையோ பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், “தூக்கு” என்று கையை நீட்டிக்கொண்டும் நிற்கும். “அம்மாவுக்கு வயித்துல புண்ணு, தூக்க முடியாது” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது மறுப்பாகவே அதன் காதில் விழும். கட்டிலின் ஓரத்திலோ நாற்காலியிலோ தாய் உட்கார்ந்து, வயிற்றின்மீது ஒரு தலையணையை வைத்து, பக்கத்தில் போட்ட முக்காலியில் ஏறி மடிக்கு வரும்படி குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள். இடுப்பில் ஏறும் உரிமை போனாலும் மடியில் ஏறும் வழி இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டால் பிடிவாதம் தணியும்.

பார்க்க வருகிறவர்கள் இனிப்பும் துணியும் கொண்டுவரும்போது பெரியதிடமும் ஏதாவது கொடுக்கட்டும். அதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பால் கொடுக்கும் நேரம்

பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒருமுறைக்கு அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், தாய் நான்கு மணி நேரத்திற்குக் குறையாமல் அசையாமல் உட்கார வேண்டியிருக்கிறது. எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்ப்பது, கதவின் தாழ்ப்பாளைப் போடுவது, பாப்பாவின் காலைக் கிள்ளுவது, “எனக்கு ஆய் வருது” என்று அழைப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கின்றன. அம்மா எழுந்து வர முடியாத நேரம் இதுதான் என்பதைக் குழந்தை இரண்டே நாட்களில் கண்டுபிடித்துவிடுகிறது. இந்த அரைமணி நேரத்தைச் சரிசெய்துவிட்டால் நாளின் பெரும்பகுதி தானாகவே சரியாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டிலின்மீது சாய்ந்து பால் கொடுத்தால், மூத்த குழந்தை ஏறுவதும் விழுவதுமாக இருக்கும். சுவரோரமாகத் தரையில் பாயை விரித்து, முதுகுக்கு ஒரு திண்டை வைத்து உட்காருவது மேல். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரையில் உட்கார முடியாத வாரங்களில், கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவர் மூலையில் போட்டு, காலடியில் பாயை விரித்துக்கொள்ளலாம். அறையின் கதவைச் சாத்திவிட்டால் குழந்தை சமையலறைக்கோ வாசலுக்கோ போக முடியாது. உட்காருவதற்கு முன் அதைச் சிறுநீர் கழிக்க வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும், இட்லித் துண்டுகளோ வாழைப்பழத் துண்டுகளோ போட்ட சிறு கிண்ணமும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை போன்றவற்றை அந்நேரத்தில் கொடுக்கவே கூடாது. தொண்டையில் சிக்கினால் நீங்கள் எழுந்து ஓடும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

அடுத்தது, பால் நேரத்தில் மட்டும் திறக்கப்படும் ஒரு பெட்டி. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி வைத்திருக்கும் வீடுகளில் இதற்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. நூல் தீர்ந்த பிளாஸ்டிக் கோன்களில் பத்தைக் கழுவிக் காயவைத்துப் போட்டுவிட்டால், ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக் கோபுரம் கட்டுவது, தள்ளிவிடுவது, கையில் மாட்டிக்கொள்வது, வாயில் வைத்து ஊதுவது என்று இரண்டு வயதுக் குழந்தை அதிலேயே மூழ்கிவிடும். அடியில் சுற்றியிருக்கும் மிச்ச நூலை முழுவதும் உரித்துவிட வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். தறி இல்லாத வீடுகளில் சிறிய எவர்சில்வர் டம்ளர்கள், துணி கிளிப்புகள், பழைய திருமணப் பத்திரிகைகள் ஆகியவை போதும். பால் குடித்து முடிந்ததும் பெட்டியை மூடி மேலே வைத்துவிடுங்கள். எப்போதும் கையில் கிடைத்தால் மூன்றாம் நாளே அது சலித்துவிடும்.

கைபேசியைக் கொடுத்துவிடுவதே எல்லாவற்றிலும் எளிது என்பதை மறுக்க முடியாது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. ஒவ்வொரு பால் நேரத்திற்கும் அரைமணி என்று பழக்கினால் அந்த அளவு காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும் என்ற எளிய கணக்கே எனக்குப் போதுமான காரணமாகத் தோன்றுகிறது. ஆனாலும், நாளின் மிகக் கடினமான ஒரு பால் நேரத்திற்கு மட்டும், இரண்டு வயது கடந்த குழந்தைக்குப் பாட்டுப் போட்டுக் கொடுக்கும் தாயைக் குறை சொல்வதற்கு இல்லை.

இவற்றைவிடப் பயன் தருவது பேச்சு. பால் கொடுக்கும்போது தாயின் கைகள் கட்டப்பட்டிருந்தாலும் வாய் சும்மாதான் இருக்கிறது. மூத்த குழந்தை பிறந்த கதையை அதற்குச் சொல்லுங்கள்: “நீ பிறந்தப்ப இதைவிடக் குட்டியா இருந்தே கண்ணு, உன்னையும் இப்படித்தான் மடியில வச்சிருந்தேன்.” இதே கதையை ஐம்பது முறை கேட்டாலும் அக்குழந்தைக்கு அலுப்பதில்லை. அவ்வப்போது கைக்குழந்தையைப் பார்த்து, “கொஞ்சம் இரு பாப்பா, அண்ணன் சட்டை போட்டுக்கட்டும், அப்புறம் உன்னைத் தூக்கறேன்” என்று பெரியவன் காதில் விழும்படி சொல்லுங்கள். பாப்பாவுக்கு அது புரியப் போவதில்லை. காத்திருக்க வேண்டியவன் எப்போதும் தான் மட்டுமல்லன் என்பது பெரியவனுக்குப் புரியும். அதேபோல், “பாப்பா தூங்குது, சத்தம் போடாதே”, “பாப்பாவால வெளியே போக முடியாது” என்று எல்லாத் தடைகளையும் பாப்பாவின் தலையில் ஏற்றாதீர்கள். “அம்மாவுக்குத் தலை வலிக்குது, மெதுவாப் பேசு” என்று உங்கள் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் பங்கு பற்றி நம் வீடுகளில் ஒரு தவறான பிரிவினை நிலவுகிறது: தாய் கைக்குழந்தையோடு, அப்பாவும் ஆயாவும் (பாட்டியும்) பெரியதோடு. மூத்த குழந்தை இழந்திருப்பது தாயின் நேரத்தை. அதற்கு அப்பாவைக் கொடுத்தால் பண்டமாற்று சரியாகாது. பால் குடித்து முடிந்த கைக்குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது ஆகியவற்றை அப்பா எடுத்துக்கொண்டால், தாய்க்குக் கால்மணி நேரம் கிடைக்கும். அதை முழுவதும் பெரியதற்குக் கொடுக்க வேண்டும். சோறு ஊட்டிக்கொண்டே கொடுத்தால்கூடப் போதும். ஒரு நாளில் இரண்டு முறை இது நடந்தால், கிள்ளுவதும் கடிப்பதும் பெருமளவு குறைவதைப் பார்க்கலாம். குழந்தையைத் தொடவே ஆண்கள் தயங்கும் வீடுகளில், ஆரம்பத்திலேயே மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் எளிதாகும்.

ஏற்கெனவே கழிப்பறைக்குப் போகப் பழகிய குழந்தை மறுபடி ஆடையிலேயே போவதும், மழலை கூடுவதும், தானே சாப்பிட்டது இப்போது ஊட்டச் சொல்வதும் இயல்பானவை. அடிக்காமல், “இவ்வளவு பெரிய பிள்ளை” என்று இடித்துரைக்காமல் விட்டால் சில வாரங்களில் தாமாகவே மாறும்.

கண் வைக்க வேண்டிய இடங்கள்

மாநகராட்சித் தண்ணீர் தினமும் வராத தெருக்களில், டிரம்களிலும் குண்டான்களிலும் பிடித்து நிரப்பி வைப்பது தவிர்க்க முடியாதது. தத்தி நடக்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே உயிரைப் பறிக்கப் போதும்; அது சத்தமின்றி நடந்துவிடும். தாய் பால் கொடுக்கும் நேரத்தில் குளியலறைக் கதவு வெளியே தாழிடப்பட்டிருக்க வேண்டும். டிரம்முக்கு இறுக்கமான மூடியும், நிலத்தொட்டிக்குப் பூட்டுள்ள மூடியும் இருக்க வேண்டும். துணி ஊறவைத்த பக்கெட்டைத் தரையில் விடக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு பிறந்த குழந்தைக்கு வரும் முதல் சீர்களில் ஒன்று. நடக்கும் குழந்தைக்கு அது உண்மையிலேயே பயனுள்ள நகை: எந்த அறையில் இருக்கிறது என்று சத்தமே சொல்லிவிடும், சத்தம் நின்றால் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஆனால் கொலுசின் மணிகள் வளையம் தேய்ந்து கழன்று விழும். கைக்கு அகப்படுவதையெல்லாம் வாயில் போடும் வயதில் அது ஆபத்து. வாரம் ஒருமுறை ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பாருங்கள். கைக்குழந்தைக்கு மணி இல்லாத கொலுசே போதும்.

நூல் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தறி வீட்டில் நூலிழை எங்கும் பறக்கும். பிரசவத்திற்குப் பின் தாயின் தலைமுடியும் கொட்டும். இவற்றில் ஒரு இழை கைக்குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டு இறுகினால், விரல் வீங்கிச் சிவந்து, கவனிக்காமல் விட்டால் இரத்த ஓட்டமே நின்றுபோகும். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழும்போது, வயிற்று வலி என்று முடிவு செய்வதற்கு முன் காலுறையைக் கழற்றிப் பத்து விரல்களையும் பிரித்துப் பாருங்கள்.

மூத்த குழந்தையின் அன்பும் கவனிக்க வேண்டியதே. பாப்பா அழுகிறதே என்று இரக்கப்பட்டுத் தன் வாயிலிருந்த பிஸ்கட்டை அதன் வாயில் வைக்கும், தண்ணீர் ஊற்றும், முகத்தில் போர்வையைப் போர்த்திவிடும். ஆகவே இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் ஒருவரை உடன் அழைத்துப் போவதுதான் வழி. பாப்பாவின் முகத்தில் முத்தமிடாமல் பாதத்தில் முத்தமிடப் பழக்குங்கள்; சளி பரவுவதும் குறையும், பெரியதற்கு மறுப்புச் சொல்லவும் நேராது.

உறக்கம்

தூளி இல்லாத வீட்டை நம் பக்கம் காண்பது அரிது. குழந்தை மருத்துவர்கள் சொல்வது, தலையணை இல்லாத சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பதாகும். இரவு உறக்கத்திற்கு அதைத் தவறாமல் பின்பற்றுங்கள். பகலில் தூளியைப் பயன்படுத்துவதானால், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும், கொக்கியின் உறுதியைச் சோதித்து, தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயராமல் கட்டுங்கள். தாடை நெஞ்சில் அழுந்தாமலும் துணி முகத்தை மூடாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். மூத்த குழந்தை தூளியை ஆட்ட ஆசைப்படும், வேகமாகத்தான் ஆட்டும். ஆட்டும் வேலையைக் கொடுக்காமல், தாலாட்டுப் பாடும் வேலையைக் கொடுத்துவிடலாம். அதற்கென்று வேறொரு கொக்கியில் பழைய புடவையை ஊஞ்சலாகக் கட்டிவிட்டால் தூளியில் ஏறிப் படுக்கும் சண்டையும் வராது.

இருவரும் ஒரே நேரத்தில் உறங்கும் ஒரு பொழுதையாவது பிற்பகலில் உண்டாக்க முயலுங்கள். இரண்டு வயதையொட்டிய குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை. ஆகவே மதியச் சோற்றுக்குப் பின் அறையை இருட்டாக்கி, பாப்பாவுக்குப் படுத்தபடியே பால் கொடுத்து, மற்றொரு கையால் பெரியதைத் தட்டிக்கொடுக்கலாம். இருவருக்கும் நடுவில் தாய் படுக்க வேண்டும். சத்தத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம். விசைத்தறி ஓடும் தெருக்களில், அந்தச் சீரான ஓசையில் அயர்ந்து தூங்கிவிட்டு, மின்சாரம் போய்த் தறி நின்றதும் விழித்து அழும் குழந்தைகளைக் காணலாம். தறி ஓடும் அறைக்குள்ளேயே படுக்க வைப்பதுதான் தவறு.

பெரியவர்கள் சொல்வன

பாட்டிமார் சொல்வதில் கொள்ளத்தக்கவை பல, தள்ளத்தக்கவை சில. பிள்ளை பெற்றவள் நன்றாகச் சாப்பிட வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும், முதல் மாதத்தில் கண்டவர் கையிலும் குழந்தையைக் கொடுக்கக் கூடாது என்பவை முழுவதும் சரி. சேனைத் தண்ணீர், உரைமருந்து, கிரைப் வாட்டர் ஆகிய எதுவும் ஆறு மாதம்வரை வேண்டாம்; தேன் ஒரு வயது நிறையும்வரை வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள தண்ணீரே குழந்தைக்குப் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவது, கண்ணுக்கு மை தீட்டுவது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவது, உரம் எடுப்பதாகச் சொல்லிப் புடவையில் போட்டு உருட்டுவது ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் உலர விட்டாலே ஒன்றிரண்டு வாரங்களில் விழுந்துவிடும். இதையெல்லாம் மருமகள் சொன்னால் வாக்குவாதமாகும். வீட்டுக்கு வரும் செவிலியரைக் கொண்டு சொல்ல வைத்தால் அடங்கிவிடும்.

மூத்த குழந்தைக்கு அவசரத்திற்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது இங்கே சாதாரணம். ஜவ்வரிசி தயாராகும் ஊர் என்று சொல்லுமளவுக்கு அது நமக்குக் கைவசம் இருக்கிறது. எளிதில் செரிக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து மட்டுமே. வளரும் குழந்தைக்கு வேண்டிய புரதம் மிகக் குறைவு. பாசிப்பருப்பை வேகவைத்துக் கலந்தோ, பக்கத்தில் ஒரு அவித்த முட்டையை வைத்தோ கொடுங்கள். பாலூட்டும் தாய்க்கு அங்கன்வாடியில் தரப்படும் சத்துமாவு மூத்த குழந்தையின் மாலைப் பசிக்கும் உதவும், ஆனால் அது தாய்க்காகத் தரப்படுவது என்பதை வீட்டில் எவரும் மறக்கக் கூடாது. பிரசவத்திற்குப் பின் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரையை அவர் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும்.

தாய் காரணமின்றி அழுவதும் எரிந்துவிழுவதும் முதல் பத்து நாட்களில் வந்து போகக்கூடியவை. இரண்டு வாரங்களைத் தாண்டியும் துக்கம் நீங்காமல், குழந்தைகளின்மீது பற்றில்லாமல், உறங்க வாய்ப்புக் கிடைத்தும் உறங்க முடியாமல் இருந்தால் அது நோய். சோம்பலோ திருஷ்டியோ அன்று. 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மலையில் இருப்பவர்களும் மலைக்குப் போகிறவர்களும்

சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்க, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. கீழே ஒரு பருத்திச் சட்டையும் மின்விசிறியும் போதும் என்ற நாளில், மேலே தொப்பியும் காலுறையும் தேவைப்படும். பெரியவர்கள் அணிவதைவிட ஓரடுக்குக் கூடுதலாக அணிவிப்பதும், தாயின் நெஞ்சோடு தோல்படச் சேர்த்து வைத்துக்கொள்வதுமே சிறந்த கதகதப்பு. கதவைச் சாத்திக்கொண்டு தணல் சட்டியை அறைக்குள் வைப்பது மூச்சுமுட்டலுக்கும், மூத்த குழந்தையின் தீக்காயத்திற்கும் வழிசெய்யும். மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் துணிகள் இரண்டு நாளானாலும் காயாது; எனவே கீழே இருப்பவர்களைப்போல் இரண்டு மடங்கு இடுப்புத் துணிகளை மலைவீடுகளில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்ததா என்று கையால் பார்க்காமல் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. கைக்குழந்தைக்கு இந்த வளைவுகள் பெரிதாகத் தெரிவதில்லை. வாந்தி எடுப்பது பெரியதுதான். புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன் இட்லி போன்ற இலேசான உணவைக் கொடுத்து, பாலைத் தவிர்த்து, வெளியே தூரத்தில் பார்க்கும்படி உட்கார வையுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமானால் அகலமான இடத்தில் வண்டியை நிறுத்திக் கொடுங்கள். இருசக்கர வாகனத்தில் நால்வர் போவதை மலையில் மட்டுமின்றிக் கீழே சேலம் நகரின் ஐந்து ரோடு சந்திப்பிலும் தவிர்க்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தையை அழைத்துச் சென்றால் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம் என்றும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் மத்திய விதி சொல்கிறது. கைக்குழந்தையோடு பேருந்தோ ஆட்டோவோதான் ஏற்றது.

மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆபத்தின் அறிகுறிகளை ஒருபடி முன்கூட்டியே மதிக்க வேண்டும், ஏனெனில் இறங்கி வரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. பால் குடிக்க மறுப்பது, நிமிடத்திற்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, வெட்டி இழுப்பது, துவண்டு கிடப்பது, உடல் சில்லிட்டுப்போவது, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாவது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அவ்வாறே. பெரியதற்கு வரும் சாதாரணச் சளியும் இருமலும் சின்னதற்குச் சாதாரணமாக இருக்காது. பெரியது இருமத் தொடங்கிய அன்றே இருவரின் படுக்கையையும் பிரித்துவிடுங்கள்.

தடுப்பூசி நாள்

கைக்குழந்தைக்குப் பிறப்பின்போது போடுவதைத் தவிர 6, 10, 14 ஆவது வாரங்களில் தடுப்பூசிகள் உண்டு. மூத்த குழந்தைக்கு 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட வேண்டும். பிரசவக் குழப்பத்தில் பல வீடுகளில் தவறிப்போவது இதுதான். வயது ஒத்துவந்தால் இருவருக்கும் ஒரே புதன்கிழமையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடலாம், ஆனால் துணைக்கு ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். பெரியதற்கு முதலில் போட்டு வெளியே அழைத்துச் சென்றுவிட வேண்டும். பாப்பா வீறிடுவதைப் பார்த்துவிட்டால் பிறகு அதைப் பிடித்து உட்கார வைக்க இருவர் வேண்டும். அன்றிரவு இருவருக்கும் காய்ச்சல் வரக்கூடும். செவிலியர் எடை பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன மருந்தளவைத் தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பாட்டில், இரண்டு அளவு என்பது நள்ளிரவில் குழப்பம் தரும். ஊசி போட்ட தொடையைப் பெரியது அழுத்தாமல் இருக்க, அந்த ஓரிரவு மட்டும் அப்பாவோ ஆயாவோ அதைத் தம் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளட்டும்.